பார்கோடு ஸ்கேனரை நர்ஸ்கள் ஏன் ஏமாற்றுகிறார்கள்?

பிரிவு: மருத்துவத் துறை › வேலை, சம்பளம், வயிற்றெரிச்சல்

நிரலன்
மருத்துவமனைகளுக்கு மென்பொருள் நிறுவிக் கொடுக்கும் வேலை எனக்கு. மேற்கு மாவட்டம் ஒன்றில் நடுத்தரமான ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். உள்நோயாளி கையில் ஐடி பேண்ட், அதில் பார்கோடு. மருந்திலும் பார்கோடு. இரண்டையும் ஸ்கேன் செய்தால்தான் திரையில் 'கொடுத்தாயிற்று' என்று பதிவாகும்.

லாக் (எது எப்போது ஸ்கேன் ஆனது என்று கணினி தானே எழுதி வைக்கும் பதிவு) எடுத்துப் பார்த்தேன். பெண்கள் வார்டில் காலை 6 மணி மருந்து. பன்னிரண்டு நோயாளிகளின் பேண்டும் 6.04க்கும் 6.06க்கும் நடுவே ஸ்கேன் ஆகியிருக்கிறது. பன்னிரண்டு கட்டிலை இரண்டு நிமிடத்தில் யாராலும் சுற்றி வர முடியாது. விசாரித்தால், எல்லார் பார்கோடுக்கும் நகல் எடுத்து ஓர் அட்டையில் ஒட்டி நர்சிங் ஸ்டேஷனிலேயே வைத்திருக்கிறார்கள். நிர்வாகம் மெமோ கொடுக்கலாமா என்று கேட்கிறது.

பாஸ்டனில் பிரிகம் மருத்துவமனையில், பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கவனித்து எழுதிய ஆய்வு 2010இல் வந்தது. நேரம் தவறியதைக் கணக்கில் சேர்க்காமல், ஸ்கேனர் இல்லாதபோது பிழை 11.5 சதவீதம். ஸ்கேனர் வந்த பிறகு 6.8. நோயாளியின் பாதுகாப்புதான் முதல் என்று உறுதிமொழி எடுத்த தொழில், அதற்கென்றே வந்த கருவியை ஏன் ஏமாற்ற வேண்டும்? திட்ட வரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மூன்றாம் ஷிப்ட்
திட்ட வரவில்லை என்று சொல்லிவிட்டு 'ஏமாற்று' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். சரி, பதில் சொல்கிறேன். வார்டில் பல வருஷம் இரவு டியூட்டி பார்த்தவள்.

அந்த 6 மணி எப்படி இருக்கும் என்று பாருங்கள். வார்டுக்கு இரண்டு பேர். ஒருவர் வைட்டல்ஸ் (நாடி, பிரஷர், காய்ச்சல்) எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் மருந்து டிராலியோடு. ஸ்கேனர் டிராலியில் இருக்கும் கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைந்திருக்கும். இரண்டு கட்டிலுக்கு நடுவே அட்டெண்டர் பாய் விரித்துத் தூங்குவார், டிராலி உள்ளே போகாது. ஒயர் கட்டில் வரை எட்டாது. நோயாளி ராத்திரி முழுக்க வாந்தி எடுத்துவிட்டு அப்போதுதான் கண் அசந்திருப்பார். பேண்ட் கட்டிய கை போர்வைக்குள், அதே கையில் ஐ.வி. லைன். இழுத்தால் ட்ரிப்ஸ் கழன்றுவிடும். எப்படியோ கையை எடுத்தால், நேற்றுக் குளித்ததில் பார்கோடு மை கலைந்திருக்கும். ஸ்கேனர் கீச்சென்று கத்தும், படிக்காது. வார்டின் கடைசிப் பக்கம் வைஃபை கிடையாது.

இதற்குள் 6.40 ஆகியிருக்கும். உங்கள் திரை மீதி எட்டுப் பேர் பெயரையும் சிவப்பாக்கிவிடும். அந்தச் சிவப்பு, காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் மேஜைக்கு ரிப்போர்ட்டாகப் போகும்.

எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்தது ஐந்து 'சரி'. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி (வாய்வழியா, ஊசியா), சரியான நேரம். உங்கள் கருவி முதல் நான்கைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஆனால் ஐந்தாவதற்குத்தான் மார்க் போடுகிறது. இன்சுலின் போட்டு அரை மணிக்குள் இட்லி வர வேண்டும் என்று ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது எது விட்டுப்போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அட்டையில் நகல் ஒட்டியது நியாயம் என்று சொல்ல மாட்டேன். அது ஆபத்து. ஒரு கட்டில் மாற்றினால் போதும், மருந்து ஆள் மாறிப் போய்விடும். ஆனால் அந்த அட்டையைச் செய்தவள் சோம்பேறி இல்லை. உட்கார்ந்து வெட்டி ஒட்டுவதே ஒரு வேலை.

சும்மா படிப்பவன்
நோயாளி வீட்டுக்காரனாக ஒன்று சொல்லலாமா? அம்மாவை அட்மிட் செய்திருந்தபோது ஒரு சிஸ்டர் கையிலிருந்த டேப்லெட் கணினியைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார், டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே போனார். இன்னொருவர் பெயர் கேட்டு, 'நேற்று கால் வீக்கம் எப்படிம்மா இருக்கு' என்று தொட்டுப் பார்த்துவிட்டு மருந்து கொடுத்தார். அம்மாவுக்கு யார் மேல் நம்பிக்கை வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிரலன்
@சும்மா படிப்பவன், புரிகிறது. ஆனால் கால் வீக்கம் விசாரித்த அதே சிஸ்டர், பக்கத்துக் கட்டில் 'சரஸ்வதி'யின் மாத்திரையை இந்தக் கட்டில் 'சரஸ்வதி'க்குக் கொடுக்கவும் வாய்ப்பு உண்டு. அன்பு பெயர்க் குழப்பத்தைத் தடுக்காது, பார்கோடு தடுக்கும். பாஸ்டன் எண்கள் அதைத்தானே சொல்கின்றன?

@மூன்றாம் ஷிப்ட், ஒயர் விஷயம் எனக்குத் தெரியாது. டெமோ காட்டியது காலியான வார்டில்.

கத்தரிக்கோல்
மருந்தாளுநர். இந்தக் கதையில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்டனில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனி உறையில், ஒவ்வொரு உறையிலும் பார்கோடோடு வார்டுக்குப் போகும். இங்கே பத்து மாத்திரை அட்டை. டாக்டர் எழுதியது மூன்று. கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுப்பேன். நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல் முன்னணி 300 பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி, போலி மருந்தைப் பிடிக்க உதவும். ஆனால் அதை அட்டைமேலும் போடலாம், அட்டையில் இடம் இல்லையென்றால் வெளிப்பெட்டிமேலும் போடலாம். வெட்டிய மூன்று மாத்திரையில் எது இருக்கும்? பாதி நேரம் வெள்ளித்தாளும் காலாவதித் தேதியில் பாதியும்தான்.

அதனால் உள்ளே லேபிள் அச்சடித்து நாங்களே ஒட்ட வேண்டும். லேபிள் பிரிண்டர் ஒன்றுதான். மாலை ஐந்து மணிக்கு டிஸ்சார்ஜ் கூட்டம் வேறு. லேபிள் இல்லாமல் போன மருந்தை சிஸ்டர் எதை வைத்து ஸ்கேன் செய்வார்?

பழைய ஸ்டெத்
ஓய்வு பெற்ற மருத்துவன். நர்ஸ்களை மட்டும் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். மருத்துவர்கள் செய்த கலகம் இதைவிடப் பெரியது. லாஸ் ஏஞ்சல்ஸில் சிடார்ஸ் சைனாய் மருத்துவமனை 2002இல் மருந்துச்சீட்டைக் கணினியில்தான் எழுத வேண்டும் என்று கொண்டுவந்தது. மருத்துவர்கள் கொதித்தார்கள். சில மாதங்களில், 2003 தொடக்கத்தில், அதை நிறுத்தியே வைத்துவிட்டார்கள். கவனியுங்கள். மருத்துவர் மறுத்தால் மென்பொருள் நிற்கிறது. நர்ஸ் மறுத்தால் மெமோ வருகிறது. மறுக்க வழியில்லாதவர்கள்தான் அட்டை ஒட்டுவார்கள்.

மருத்துவர்கள் மறுத்ததெல்லாம் தர்மத்துக்காக என்று சொல்ல மாட்டேன். என் தலைமுறையில் பலருக்கு 'நான் எழுதுவதை ஒரு பெட்டி கேள்வி கேட்பதா' என்ற கௌரவப் பிரச்சினைதான். அதைத் தொழில் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஆனால் பிட்ஸ்பர்க் கதை வேறு. அங்கே குழந்தைகள் மருத்துவமனையில் 2002 அக்டோபரில் இதே மாதிரி ஆர்டர் மென்பொருள் வந்தது. வேறு மருத்துவமனைகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.8 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியது என்று அங்கிருந்த மருத்துவர்களே 2005இல் எழுதினார்கள். முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வரும்போதே மருந்துக்குச் சொல்லிவிடுவார்கள், வந்து இறங்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். மென்பொருள் வந்த பிறகு குழந்தை வந்து, பதிவாகி, அதற்கப்புறம்தான் ஆர்டர் போட முடிந்தது. வார்டில் இருந்த மருந்துகளும் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. சியாட்டிலில் இன்னொரு குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளைப் போட்டது. அங்கே இறப்பு ஏறவில்லை. மென்பொருள் ஒன்றுதான், அதைச் சுற்றி வேலையை அமைத்த விதம்தான் வேறு.

துணை நிலையம்
கிராம சுகாதார செவிலியர் ஒருத்தி இங்கே பேசலாமா? எங்களுக்கு வார்டு இல்லை, ஊரே வார்டு. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர் என்பது கணக்கு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளை அரசு கணினியில் பதிந்து தரும் எண்) எங்களுக்குப் பெரிய உதவி. வளைகாப்பு முடிந்து பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். முன்பு அந்த ஊர் சிஸ்டருக்கு இவள் கதை எதுவும் தெரியாது. ரத்த சோகை இருந்ததா, முதல் பிரசவம் சிசேரியனா, ஒன்றும் தெரியாது. அட்டையைத் தொலைத்திருப்பாள். இப்போது நம்பரைப் போட்டால் ஏஎன் மதர் (கர்ப்பிணி) விவரம் முழுக்க வருகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நம்பர் வேண்டும் என்று 2017இல் வந்த பிறகு ஏறக்குறைய எல்லாருமே பதிகிறார்கள்.

இனி வேறு ஓர் ஆப் கதை. பெயர் சொல்ல மாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து பதிகிறேன். பக்கத்தில் மாமியார், வாசலில் கணவன். 'இதற்கு முன் எத்தனை கர்ப்பம்?' அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கிறாள், பதில் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டாக இருந்தால் அந்த இடத்தில் பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஊசிக்கு வரும் நாளில் தனியாகக் கேட்டு எழுதுவேன். ஆப்பில் புள்ளி வைக்க இடமில்லை. நெட்வொர்க் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு மூடினேன்.

நிரலன் சாருடைய கணக்கில் நானும் ஏமாற்றுக்காரிதான். அன்றைய பதிவு 'நிலுவை'. கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் ரகசியம் போய்விடும்.

அப்புறம் மொபைல் நம்பர். வீட்டில் இருப்பது ஒரே போன், கணவனுடையது. எல்லா எஸ்எம்எஸ்ஸும் அவனுக்குப் போகும்.

நிரலன்
அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. 'கட்டாயம்' என்று குறித்து ஒரு கட்டத்தைப் பூட்டுவது எங்களுக்கு ஒரு சொடுக்கு. விவரம் முழுமையாக வர வேண்டும் என்று கேட்பவர்கள் மேலே இருக்கிறார்கள், நிரப்புகிறவர்கள் திண்ணையில் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகம். எல்லாக் கட்டத்தையும் விருப்பம்போல் விடலாம் என்றால், வேலை செய்யாதவர்களும் அதே சாக்கைச் சொல்வார்களே? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

துணை நிலையம்
'பிறகு தனியாகக் கேட்க வேண்டும்' என்று ஒரு பொத்தான் வையுங்கள். தொடர்ந்து அதையே அழுத்துகிறவளை அப்புறம் கேளுங்கள். எங்களில் வேலை செய்யாதவர்கள் இல்லை என்றா சொன்னேன்? இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கட்டத்தைக் காலியாக விட மாட்டார்கள் தம்பி. வாய்க்கு வந்ததை நிரப்பிவிடுவார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அவர்கள்தான் நூற்றுக்கு நூறு.

வடமராட்சி
இங்கிலாந்தில் தாதியாக வேலை. ஊரில் பயிற்சி எடுத்தது யாழ்ப்பாணத்தில்.

துணை நிலையம் அக்கா கடைசியாகச் சொன்னதை எங்கள் விடுதியிலும் (வார்டிலும்) பார்த்திருக்கிறேன். இங்கே நோயாளர் ஒவ்வொருவருக்கும் நியூஸ் டூ என்று ஒரு புள்ளி முறை. சுவாசம், ஒட்சிசன், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, காய்ச்சல், இவற்றுக்கெல்லாம் புள்ளி. மொத்தம் 5 என்றால் அவசரமாக வைத்தியர் பார்க்க வேண்டும், 7 என்றால் உடனடி. 2012இல் அரச வைத்தியர் கல்லூரி கொண்டுவந்து 2017இல் திருத்தியது. கையடக்கக் கருவியில் எண்களைப் போட்டால் தானே கூட்டித் தரும். உண்மையாகவே உயிர்காக்கும் சாமான். முன்னர் இரவு வேளையில் வைத்தியரை எழுப்பக் கனிஷ்ட தாதிக்குப் பயம். இப்போது '7 வந்துவிட்டது' என்றால் அவர் வரத்தான் வேண்டும்.

ஆனால் அதில் சுவாசத்தை மட்டும் எங்கள் விடுதி மெஷின் எண்ணித் தராது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். நேரம் இல்லாதவர்கள் 16 அல்லது 18 என்று போட்டுவிடுவார்கள். கருவிக்கு அது போதும், பச்சை காட்டும். ஆள் மோசமாகப் போகும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் அந்தச் சுவாசம்தான்.

மற்றப் பக்கமும் உண்டு. புள்ளி 3தான், ஆனால் அந்த ஐயாவின் முகம் சரியில்லை, நேற்றுக் கதைத்தவர் இன்று கதைக்கவில்லை. கருவி 'நாலு மணித்தியாலம் கழித்துப் பார்' என்கிறது. புள்ளி எதுவாக இருந்தாலும் தாதிக்குக் கவலை என்றால் கூப்பிடலாம் என்று வழிகாட்டியிலேயே இருக்கிறது. அந்த ஒரு வரி இருப்பதால்தான் எங்களவர்கள் இந்தக் கருவியோடு சண்டை பிடிப்பதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் கண்ணை அது வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று, ஒட்சிசன் பார்க்கும் விரல் கிளிப். 2020 டிசம்பரில் மிச்சிகனில் இருந்து வந்த ஆய்வு: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தில் உண்மையில் ஒட்சிசன் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். நாங்கள் எல்லாம் எந்த நிறம்?

பழைய ஸ்டெத்
@வடமராட்சி, கோவிட் காலத்தில் 94ஐயும் 95ஐயும் வைத்து எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினோம் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

விழித்திரை
மதுரைப் பக்கம். கண் பரிசோதனை முகாம்களில் விழித்திரைப் படம் எடுப்பது என் வேலை. செயற்கை நுண்ணறிவு என்றாலே 'உன் வேலை போச்சு' என்கிறார்கள், அதனால் இங்கே ஒரு கதை.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் கணிப்பியை கூகுள் ஆட்கள் 2016இல் வெளியிட்டார்கள். அதைப் பழக்கிய படங்களில் ஒரு பங்கு எங்கள் அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளிலிருந்து போனது. ஆய்வில் பிரமாதமான மதிப்பெண். பிறகு தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் நர்ஸ்கள் கையில் கொடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்து 2020இல் எழுதினார்கள்.

அங்கே நர்ஸ் எடுத்த படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கணிப்பி மறுத்துவிடும். ஐந்தில் ஒரு படம் அப்படி மறுக்கப்பட்டது. கிளினிக் அறை முழு இருட்டாக இருக்காது, வெளிச்சம் இருந்தால் கண்மணி விரியாது, படம் மங்கும். இது ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். நர்ஸுக்கு ஆத்திரம் வந்தது. படத்தில் ஒரு மூலை மட்டும் மங்கல், மீதி நன்றாக இருக்கிறது, கண் நல்ல நிலையில் இருப்பது அவருக்கே தெரிகிறது. ஆனால் கருவி மறுத்தால் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே போக ஒரு நாள் கூலி போகும், வண்டி கிடையாது. அதனால் சில நர்ஸ்கள் 'இந்தச் சோதனையில் சேராதீர்கள்' என்று நோயாளிகளிடமே சொன்னார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் தொழில்நுட்பத்துக்கு எதிர்ப்பு. பக்கத்தில் நின்று பார்த்தால், ஏழை ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றுகிற வேலை. அதே நர்ஸ்கள் முடிவு உடனே வருவதைப் பாராட்டவும் செய்தார்கள். நிபுணர் பார்த்துச் சொல்ல முன்பு பத்து வாரம் வரை ஆகுமாம்.

இதில் கூகுள் ஆட்களையும் ஒன்று பாராட்ட வேண்டும். கிளினிக்கில் போய் உட்கார்ந்து பார்த்ததை ஒளிக்காமல் எழுதினார்கள். நிரலன் சார், உங்கள் நிறுவனம் அப்படி ஒன்று எழுதியதுண்டா?

நிரலன்
இல்லை. 'பயிற்சி நிறைவுச் சான்று' என்று ஒரு தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவோம். அவ்வளவுதான்.

மூன்றாம் ஷிப்ட்
அந்தக் கையெழுத்துதான் கடைசியில் எங்கள் கழுத்துக்கு வரும். நர்ஸ் பயப்படுவது மெஷினுக்கு இல்லை. கேஸ் ஷீட்டில் நான் எழுதினால் என் எழுத்து, என் நேரம், என் கையெழுத்து. நாளைக்கு கோர்ட்டில் கேட்டாலும் நின்று பேசுவேன். கம்ப்யூட்டரில் அப்படியா? அவசரத்தில் டியூட்டி டாக்டர் போனில் சொல்வார், ஆர்டர் போட அவர் லாகின் வேண்டும், அவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். பாஸ்வேர்டு எங்களுக்கு வாய்மொழியாக வந்துவிடும். இனி அந்த ஆர்டர் யாருடையது? நோயாளிக்கு மருந்து தாமதமாகக் கூடாது என்பதும் எங்கள் தர்மம், இன்னொருவர் பெயரில் எழுதக் கூடாது என்பதும் எங்கள் தர்மம். இரண்டையும் ஒரே நிமிடத்தில் மோத விட்டுவிட்டு, மோதிய பிறகு லாக் எடுத்துப் பார்க்கிறீர்கள்.

அமெரிக்காவில் ஐந்து மருத்துவமனைகளில் இந்த பார்கோடு குறுக்குவழிகளை ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். 15 வகைக் குறுக்குவழி, அவற்றுக்கு 31 வகைக் காரணம். படிக்காத பேண்ட், பேட்டரி தீர்ந்த ஸ்கேனர், சிக்னல் இல்லாத மூலை என்று எங்கள் வார்டில் ஆள் வைத்து எழுதியது போலவே இருக்கும். கட்டிலை விட்டுத் தள்ளி ஒட்டி வைத்த நகல்களும் அதில் உண்டு. மெமோ அடிக்கும் முன் உங்கள் நிர்வாகத்திடம் அதைக் கொடுங்கள்.

நிரலன்
கொடுக்கிறேன். மெமோவை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன். ஒயர் இல்லாத கை ஸ்கேனர் வார்டுக்கு இரண்டு கேட்டிருக்கிறேன். தாமத ரிப்போர்ட்டை இன்சார்ஜுக்கு அனுப்பாமல், ஸ்கேன் படிக்காத கட்டில்கள் எவை என்று ஐ.டி. பிரிவுக்கு அனுப்பும்படி மாற்ற முடியும், அது என் கையில் இருக்கிறது. லாகின் விஷயம் என் கையில் இல்லை. போனில் வந்த ஆர்டரை நர்ஸ் தன் பெயரிலேயே 'வாய்மொழி உத்தரவு' என்று போட்டு, டாக்டர் பிறகு ஒப்புதல் தரும் வசதி மென்பொருளில் ஏற்கெனவே உண்டு. மருத்துவ இயக்குநர்தான் அதை அணைத்து வைக்கச் சொன்னார், டாக்டர்கள் பிறகு கையெழுத்துப் போட மறக்கிறார்கள் என்று.

ஆனால் அட்டை போக வேண்டும். அதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

மூன்றாம் ஷிப்ட்
கை ஸ்கேனர் வந்த அன்றே கிழித்துப் போடுவார்கள். வராமல் அட்டையை மட்டும் பிடுங்கினால் வேறு ஒன்று கண்டுபிடிப்பார்கள், அது உங்கள் லாக்கில்கூடத் தெரியாது. டாக்டர்கள் மறந்தால் அந்தச் சிவப்பு யார் மேஜைக்குப் போகிறது?

நிரலன்
இதுவரை யார் மேஜைக்கும் போகவில்லை.

கத்தரிக்கோல்
எல்லாம் சரி. லேபிள் பிரிண்டர் இரண்டாவது யார் வாங்கித் தருவது? ஸ்கேனர் பட்ஜெட்டிலா, பார்மசி பட்ஜெட்டிலா? எங்கள் இடத்தில் அந்த ஒரு கேள்வியால் இதே திட்டம் ஒரு வருஷமாக நிற்கிறது.